கிணற்றுப் பங்கு

சமயநல்லூர் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில், முப்பது வயதைத் தாண்டிய அண்ணனும் தம்பியும் பூதப் படம் போட்ட சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"மந்திரச் சீட்டு போட்டுட்டேண்ணே. இந்த அஞ்சு சீட்டையும் நீ ரெண்டு பங்கா வையி. நான் ஒண்ண எடுப்பேன். எடுக்காதது, கழிச்சுப் போட்ட சீட்டோட சுடுகாட்டுக்குப் போயிரும்."

அண்ணன் பங்கு வைக்கவில்லை.

"நெலத்தையும் இப்பிடித்தானடா வச்சேன். மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் எடுக்கணும்னு ஊர்ல சொன்னாங்க. கெணத்துப் பங்க விட்டுட்டு எதுக்குடா தரிச எடுத்த?"

"கெணத்தோட அம்மாவையும் சேத்துல்ல வச்சிருந்த?"

"நீ எடுத்துக்கிருவன்னுதான்டா வச்சேன்."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"எடுக்காத பங்கு எங்கடா போகும்னு சொன்ன?" என்றார்.