திரைக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ

— இல்லங்க, புரியாமத்தான் கேக்கறேன். ஒரு பேண்ட்டைப் போட்டுப் பாக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— அது வந்து… ஆளைப் பொறுத்தது.

— இவரு தினமும் வர்ற ஆளு. மத்தியானக் கூட்டத்துல, கல்லாவுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவுல நான் பம்பரமா சுத்தறப்போ, ட்ரையல் ரூம் திரைக்கு வெளிய ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நிக்குது. ஆளு உள்ள போயும் பாக்கல, வெளிய வந்தும் பாக்கல.

— அது வந்து… அவரு கொஞ்சம் கூச்ச சுபாவம்.

— அந்த ஷூ நிக்கிற நேரம் பாத்து, வெட்டற மேசையில டெய்லர் ஐயாவையும் காணோமே?

— பட்டன் வாங்கப் போயிருப்பேன்.

— தினமுமா? அப்படின்னா நம்ம கடையில துணியை விடப் பட்டன்தான் அதிகமா இருக்கணும். சரி, கூட்டிப் பெருக்கறப்போ உள்ள ஸ்டூலுக்கு அடியில இது கிடைச்சுது. யாரோட பைபிள்?

— அவருதான் மறந்து வச்சுட்டுப் போயிருப்பாரு.

— உங்க மூக்குக்கண்ணாடியையும் சேத்தா?

— அது… அதைத்தான் காலையில இருந்து தேடிட்டு இருந்தேன்.

— சொல்லுங்க ராசா.

— சரி. நான்தான்.

— அடப்பாவி மனுஷா! கடை நிறைய ஆளை வச்சுட்டு! ஒரு அம்மா இஸ்திரி மேசைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு கவுனைப் போட்டுப் பாத்தாங்க, தெரியுமா?

— கத்தாத. எனக்கு வேற இடம் ஏது? கிறிஸ்துமஸ் வந்தா ஊருக்கெல்லாம் புதுத்துணி, பாடகர் குழுவுக்கு அங்கி, போதகருக்கு அங்கி. எல்லாம் ஆண்டவர் பிறந்த நாளுக்குத்தான். ஆனா அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேச எனக்கு நேரமில்ல. வீட்டுல கண்ணை மூடினா தூங்கிடறேன். சர்ச்சுல உக்காந்தா முன்னாடி இருக்கறவரோட கோட்டுத் தையல்தான் கண்ணுல படுது.

— அதுக்கு ட்ரையல் ரூமா?

— வெளிய ஷூ இருந்தா யாரும் திரையை இழுக்க மாட்டாங்க பாரு. மரியாதையா தள்ளி நிப்பாங்க.

— மூளையெல்லாம் இருக்கு. காலர் தைக்கிறப்போ மட்டும் எங்க போகுதோ! ஏங்க, அங்க மூணு பக்கமும் கண்ணாடியாச்சே. கண்ணைத் திறந்தா நீங்கதானே தெரிவீங்க?

— அதான் கஷ்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடுகடுன்னு ஒரு மூஞ்சி. சகிக்கல.

— அதைத்தான் நான் தினம் பாத்துட்டு இருக்கேன்.

— தெரியும். நீதான் சொன்னியே.

— யார்கிட்ட?

— திரைகிட்ட. நேத்து. "சார், நீங்களாவது உங்க வீட்டுல பேசுவீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு சீசன் வந்துட்டா நூல் எங்க, ஊசி எங்க, அவ்வளவுதான் பேச்சு. நாள் முழுக்கப் பக்கத்துலயே இருக்கோம், எனக்குத் துணைக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சொன்னே.

— ஐயையோ, அதெல்லாம் காதுல விழுந்துடுச்சா?

— அந்த நேரம்தான் நான் கெஞ்சிட்டு இருந்தேன். "ஆண்டவரே, இத்தனை நாளா நானே பேசறேன், நீரும் ஒரு வார்த்தை சொல்லும்"னு. வாயை மூடல, உன் குரல் வருது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

— ஓ! அதான் நேத்து சாயங்காலம் தானா வந்து டீ போட்டுக் குடுத்தீங்களா?

— சர்க்கரை போட மறந்துட்டேன்.

— உப்பே போட்டிருந்தாலும் குடிச்சிருப்பேன்.

— மன்னிச்சிடும்மா. மனசாரத்தான் சொல்றேன். நாளைக்கு நீ உள்ள போ. கொஞ்ச நேரம் அமைதியா ஜெபம் பண்ணு. கல்லாவையும் இஸ்திரியையும் நான் பாத்துக்கறேன். இனிமே ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்.

— துணி கருகாம இருந்தா சரி. ஆனா வெளிய வைக்க வேற ஷூ பாருங்க. இதைத் துடைச்சுத் திரும்பப் பரண்ல வைங்க. கல்யாணத்துக்குப் போட்டதை இப்படியா மிதிபட விடுவாங்க?

— ஒரு நிமிஷம். இது அந்த ஷூன்னு உனக்கு எப்படித் தெரியும்? அப்போ, நேத்து உள்ள இருந்தது நான்தான்னு தெரிஞ்சேதான் பேசினியா?

— முதல் நாளே தெரியும். மோதிரம் மாத்தினப்போ வெக்கத்துல தலையே நிமிரலங்க. அன்னைக்கு சர்ச்சுல நான் பாத்ததே அந்த ஷூவை மட்டுந்தான்.