கறுப்புச் சூப், இன்னொரு கிண்ணம்

போக்னா: இன்னொரு கிண்ணம் கேட்டியே... மனுஷனா நீ? எங்க பெரியப்பா கையில இருந்த கரண்டியே கீழ விழுந்துடுச்சு!

ஸ்டமாடிஸ்: என் பசியைப் பார்த்து மிரண்டுட்டார்னு நினைச்சேன். வாத்து ரத்தம்னு தெரிஞ்சும் குடிச்சேனே, அதைப் பாராட்டுவியா...

போக்னா: பொண்ணு கேட்டு வந்தவனுக்குக் கறுப்புச் சூப் வச்சா என்ன அர்த்தம் தெரியுமா?

ஸ்டமாடிஸ்: விருந்துன்னு அர்த்தம்.

போக்னா: 'உனக்குப் பொண்ணு இல்லை, கிளம்பு'ன்னு அர்த்தம். எங்க போலந்துல பழைய வழக்கம்.

ஸ்டமாடிஸ்: ஐயோ... அப்போ நான்?

போக்னா: 'இல்லை'யை ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சே. மிச்சத்தை ரொட்டியால வழிச்சும் தின்னே.

ஸ்டமாடிஸ்: வாயால சொல்லித் தொலைச்சா என்னவாம்?

போக்னா: எந்த வாயால? நீ 'நே'ங்கிறே. உங்க கிரேக்கத்துல அது 'ஆமாம்'. எங்க காதுல 'இல்லை'ன்னு விழுது.

ஸ்டமாடிஸ்: நீங்க மட்டும் என்னவாம்? மூச்சுக்கு மூச்சு 'நோ, நோ'ங்கிறீங்க. லண்டன்காரன்கிட்ட சொன்னா கோவிச்சுக்குவான். இங்கே அது 'ஆமாம்ப்பா'!

போக்னா: பல்கேரியாக்காரனுக்கு அது 'ஆனால்'.

ஸ்டமாடிஸ்: நல்லாயிருக்கு! ஐரோப்பாக்காரங்க நமக்கு எல்லையில பாஸ்போர்ட் கேக்கறதை நிறுத்தத் தெரிஞ்சுது. 'ஆமாமா இல்லையா'ன்னு ஒத்துப்போகத்தான் தெரியலை.

போக்னா: அதான் அம்மா சூப்பை நம்பினாங்க. அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் பாரு.

ஸ்டமாடிஸ்: எனக்கு வேண்டியிருந்துச்சே! சரி, உங்கம்மா கிடக்கட்டும். நீ என்ன சொல்றே? என்னைக் கட்டிக்கிறியா?

போக்னா: நோ...

ஸ்டமாடிஸ்: எந்த ஊர் நோ?

போக்னா: சும்மா இரேன்... குளிருது. உள்ளே போகலாம்.

ஸ்டமாடிஸ்: போகலாம். நேரா சமையல்கட்டுக்குத்தான். 'என்கிட்ட என்னம்மா குறை கண்டீங்க'ன்னு கேட்டுடறேன். நானும் பாத்திரம் தேய்ப்பேன், குடிக்க மாட்டேன்...

போக்னா: நில்லு.

ஸ்டமாடிஸ்: என் கோட்டைப் பிடிச்சு இழுக்காதே, கிழியுது.

போக்னா: அவங்களைக் கேக்காதே. பாவம், காலையில இருந்து உனக்காக ஆப்பிள் கேக் சுட்டுட்டு இருக்காங்க.

ஸ்டமாடிஸ்: எனக்கா? பொண்ணு இல்லைன்னு சொல்லிட்டு கேக் எதுக்கு?

போக்னா: அவங்க சொல்லலை.

ஸ்டமாடிஸ்: அப்போ அந்தச் சூப்...

போக்னா: நான்தான் வச்சேன். அம்மா 'வேண்டாம்டி, நல்ல பையன்டி'ன்னு அழுதாங்க. நல்ல பையன்தான் நீ... உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. எனக்கு உன்னைக் கட்டிக்க விருப்பம் இல்லை, ஸ்டமாடிஸ்.