ஆறு மணிக்கு முடியும் கேண்டில்

பச்சைப் பென்சில்களை நம்பக் கூடாது. சீவச் சீவ முனை உடையும். நீங்கள் எடுத்துவந்திருக்கும் கிராஃப் தாள்களில் சில கட்டங்கள் வெளிறியிருப்பதற்கு அதுதான் காரணம், ஐயா. வாக்குமூலத்தில் என் கவனக்குறைவு என்று எழுதிவிட வேண்டாம்.

லாரி எடைமேடையில் பதினோரு வருடம் எண்கள் எழுதியவன் நான். மேடையை மூடிய பிறகு, பங்குச் சந்தை சார்ட் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்தேன். செய்தியைக் கேட்காதே, யார் பேச்சையும் கேட்காதே, சார்ட்டை மட்டும் பார் என்றார் மாஸ்டர். எனக்கு அது பிடித்துப்போயிற்று. விலை இறங்கி, ஓர் இடத்தில் முட்டித் திரும்பினால் அங்கே ஒரு கோடு போட வேண்டும். அதற்கு சப்போர்ட் என்று பெயர். மூன்று முறை தொட்டுத் திரும்பினால்தான் அந்தக் கோட்டை நம்பலாம்.

அண்ணன் அப்போது மாரடைப்பு வந்து வீட்டில் படுத்திருந்தார். அண்ணி தையல் கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். பகலில் அண்ணன் என் பொறுப்பு. மணிக்கொரு தரம் ரத்த அழுத்தம் பார்த்து எழுதும்படியும், மேல் எண் நூற்றுக்குக் கீழே போனால் உடனே தூக்கிவரும்படியும் டாக்டர் சொல்லியிருந்தார். எழுதிய எண்கள் சும்மா கிடந்தன. வகுப்பில் விலைக்கு வரைவதுபோல நாலு மணி நேரத்துக்கு ஒரு கேண்டிலாக வரைய ஆரம்பித்தேன். எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிந்தது என்று ஒரு கட்டம், ஏறியிருந்தால் பச்சை, இறங்கியிருந்தால் சிவப்பு. இடையில் எவ்வளவு ஏறி இறங்கியது என்று மேலும் கீழும் ஒரு திரி. அவ்வளவுதான் கேண்டில்.

அண்ணனுக்கும் வேடிக்கையாக இருந்தது. "என்னடா சின்னவனே, நான் ஏறுறேனா இறங்குறேனா? ஏறினா வித்துடு" என்பார். இருவரும் சிரிப்போம். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அவர் சோறுதான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய சப்போர்ட் நூற்று நாலு. இரண்டு முறை தொட்டுத் திரும்பினார். பிறகு பதினாறு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. தேறிவருகிறார் என்று அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கோடு அரைகுறையாக நின்றது உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று இரண்டு மணிக்கு, அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையில் இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"காலைலயே போட்டேனேடா?"

"இது வேறண்ணா."

விழுங்கிவிட்டார். நான் கொடுத்தால் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

மூன்று மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு. நாலு மணிக்குச் சரியாக நூற்று நாலு. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். ஐந்து மணிக்கு எண்பத்தொன்பது.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் கேண்டில் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடுவில் கோட்டுக்குக் கீழே போவது கணக்கில்லை, முடிகிற இடம்தான் கணக்கு, பதறுகிறவன் கெட்டான் என்று வகுப்பில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். கை துறுதுறுத்தது. அதனால் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததில் கொஞ்சம் பெருமைகூட.

ஆறு மணிக்கு உள்ளே போய்ப் பட்டையைக் கையில் கட்டினேன். கருவி எண் காட்டவில்லை. பேட்டரியை மாற்றி மறுபடி கட்டினேன். அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எண் இல்லாமல் எதை வரைவது என்று அந்தக் கேண்டிலை மட்டும் விட்டுவிட்டேன்.

அண்ணி வேலையிலிருந்து வந்து, அண்ணன் காலடியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்களக் கூப்பிடவே இல்லையா தம்பி?"

"இல்ல அண்ணி."

அது பொய். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நாலு முறை கூப்பிட்டார். மூன்று முறை சின்னவனே என்று, நாலாவது வெறும் சத்தம். இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால், ஐயா, கட்டாயம் எழுந்து போயிருப்பேன்.