டுவெய்னின் நாலங்குல ரிவால்வர்

எழுதிப் பழகாத ஒருவர் எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதலில் பொறுத்தருள வேண்டும். ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் துப்பாக்கிச் சங்கக் கூடத்தில், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் முற்பகலில், மூவர் பேசிக்கொண்டது மட்டுமே இங்கு உள்ளது. வெர்னனும் எமிலும், விசை மிகுந்த மேக்னம் தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களை உயிராக மதிப்பவர்கள்; பத்தாண்டுக்கு ஒருமுறை கூடத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் ஐந்தை அன்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். லொரெட்டா, அவர்களுடைய காலஞ்சென்ற நண்பர் டுவெய்னின் மனைவி. வருணிக்கும் திறமை வாய்க்காத நிலையில், பேச்சை அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே மரியாதை என்று தோன்றியது. பிழை இருப்பின் அது எழுதியவருடையது, பேசியவர்களுடையது அன்று.

— அஞ்சாவது பிளாக்ஹாக். நாலாவது ஸ்மித் அறுநூத்தி எண்பத்தாறு. மூணாவது ஸ்மித் இருபத்தேழு. இந்த மூணுலயும் சண்டை இல்லைன்னு எழுதிக்கோ எமில். எழுதிட்டியா?

— எழுதிட்டேன் வெர்னன். தப்பா நினைக்காத, டுவெய்னோட ஸ்மித் பத்தொன்பதை ரெண்டாவதுன்னு எழுதிடட்டுமா?

— அட போய்யா! பத்தொன்பது முதலிடம். உன் பைத்தான் ரிவால்வர்தான் ரெண்டாவது.

— சங்கத்துல ஓட்டு சமமா விழுந்திருக்கு.

— சமமா விழுந்ததாலதானே நம்ம ரெண்டு பேரையும் பேசி முடிங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க? ஒன்பது மணியில இருந்து பேசிக்கிட்டிருக்கோம். பன்னெண்டுக்குக் கதவைத் திறக்கணும். ரெண்டு கெட்டில் காப்பி காலி.

— டோனட்டும் காலி. அதுல எனக்குப் பங்கு ஒண்ணுதான்.

— பேச்சை மாத்தாத.

— மாத்தலை. ஒரு சின்ன விஷயம் சொல்றேன், பொறுமையா கேளு. பைத்தானோட விசையை ஒரு தடவை இழுத்துப் பாரு. எண்ணெய் விட்ட கீல் மாதிரி வரும். அந்த நீலப் பூச்சைப் பாரு, குளத்துல எட்டிப் பார்க்கிற மாதிரி முகம் தெரியும். மேக்னம் தோட்டாவுக்குன்னு மனுஷன் செஞ்சதுல அதுக்கு மேல என்ன இருக்கு?

— முகம் பார்க்கிறதுக்குக் கண்ணாடி வாங்கிக்கோ. அதை இடுப்புல கட்டிக்கிட்டு பத்து மணி நேரம் காருக்குள்ள உட்கார்ந்து பாரு, இடுப்பு கழண்டுடும். பத்தொன்பது அப்படியா? அதே மேக்னம் சக்திதான், ஆனா எடுத்தா கைக்குள்ள அடங்கும். நாலங்குலக் குழல். வேலை பார்க்கிறவனுக்குன்னே செஞ்சது.

— கைக்குள்ள அடங்கும், ஒத்துக்கிறேன். கையை உதைக்கிறதும் அதுதான்.

— டுவெய்ன் கை தாங்குச்சு! இருபத்தஞ்சு வருஷம் தாங்குச்சு! ஆஸ்பத்திரியில அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னேன் எமில். உன் துப்பாக்கி நம்ம கூடத்துல முதலிடத்துல இருக்கும், உன் பேரு கீழ இருக்கும்னு. பித்தளைத் தகடுகூட வெட்டி வாங்கியாச்சு. இன்னைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகலைன்னா அடுத்த பத்து வருஷத்துக்குப் போகாது. அதுக்குள்ள நான் இருப்பேனா, நீ இருப்பியா?

— கோபப்படாத.

— பெட்டிக்குள்ள வைக்கிற அட்டையில என்ன எழுதியிருக்கேன்னு கேளு.

— நாலு தடவை கேட்டுட்டேன்.

— அஞ்சாவது தடவை கேளு. "நெடுஞ்சாலைக் காவலர் டுவெய்ன் கெஸ்லர் இருபத்தைந்து ஆண்டுகள் இடுப்பில் தாங்கியது. இதன் ஒவ்வொரு தேய்மானமும் அவர் நமக்காக விழித்திருந்த ஓர் இரவு." எப்படி? உன் பைத்தானுக்கு இப்படி ஒரு வரி எழுத முடியுமா? அது உறையை விட்டு வெளிய வந்ததே துடைக்கிறதுக்குத்தான்.

— ... அது நல்ல வரிதான்.

— பின்ன?

— சரி. எழுதிக்கிறேன். முதலிடம் பத்தொன்பது. ரெண்டாவது பைத்தான். இனிமே என்னைத் திட்டாத.

— எமில்! உன்னை மாதிரி ஒருத்தன்...

— கட்டிப்பிடிக்காத, காப்பி கொட்டுது. வாசல்ல கார் சத்தம். லொரெட்டாவாதான் இருக்கணும்.

— வா லொரெட்டா, வா! நல்ல நேரத்துல வந்தே. முதலிடம்! டுவெய்னுக்கு முதலிடம்! இவனே ஒத்துக்கிட்டான்.

— அப்படியா. நல்லது. பெட்டியை எங்க வைக்கட்டும் வெர்னன்?

— இப்படி மேசை மேலயே வை. நீயே திறந்து குடு. போன வருஷம் அடக்கத்தன்னைக்குப் பார்த்தது. எமில், அந்தக் கையுறையைப் போட்டுக்கோ, விரல் படக்கூடாது.

— திறந்தாச்சு.

— ... லொரெட்டா, இது யாரோடது?

— டுவெய்னோடது.

— டுவெய்னோடதை எடுத்துட்டு வரச் சொன்னேன்.

— அதுதான் இது. அதுல வெட்டியிருக்கிற வரிசை எண்ணைப் பார்த்துக்கோ.

— எமில், எண்ணைப் படி. எனக்குக் கண்ணு கட்டுது.

— தப்பா நினைக்காத வெர்னன். அதே எண்தான். நீலத்தை முழுசா உரிச்சுட்டு, மெருகேத்தி, புதுசா போட்டிருக்கு. நேத்து கடையில வாங்கின மாதிரி இருக்கு.

— ஐயோ. ஐயையோ. யாரு பண்ணினது?

— பழைய கார் பம்பருக்கு முலாம் போடுறவர் ஒருத்தர். துப்பாக்கியும் பண்ணுவார். நல்லாதான் பண்ணியிருக்கார், இல்லை?

— நல்லாவா! எண்ணெய்த் துணியால அழுத்தித் துடைக்கவே நாங்க பயப்படுவோம், பம்பர்காரன்கிட்ட குடுத்திருக்கே! என்ன போச்சுன்னு தெரியுமா உனக்கு? தோட்டா போடுற சிலிண்டரைச் சுத்தி முடி அளவுக்கு ஒரு கோடு இருந்துச்சு. அது சுத்திச் சுத்தி விழுந்த கோடு. இப்ப இல்லை. இடது பக்கம் நீலம் போய் வெள்ளி மாதிரி தெரியும், உறைத்தோல் தேய்ச்சு. இல்லை. பின்னால தோட்டாவை அடிக்கிற சுத்தியோட முதுகுல அவன் கட்டைவிரல் பட்டுப் பட்டு சொரசொரப்பே மழுங்கிப் போயிருந்துச்சு. அங்கயும் புதுசா வெட்டு போட்டிருக்கான் பாவி!

— வெர்னன், குரலைத் தாழ்த்து. அவங்க விதவை.

— நானும்தான் நண்பனை இழந்தவன்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே லொரெட்டா. ஒரு போன்!

— ஒரு சின்ன விஷயம். இப்பச் சொல்லக்கூடாதுதான், ஆனா சொல்லித்தான் ஆகணும். விதி ஏழு. தொழிற்சாலையில போட்ட பூச்சு மாறின எதையும் காட்சிக்கு வைக்கக்கூடாது.

— எனக்கே விதி சொல்றியா?

— அந்த விதியை எழுதினதே நீதான். என் அண்ணனோட நிக்கல் பூச்சு ரிவால்வரை வெளிய தள்ளுறதுக்காக எழுதினே.

— தெரியும்யா! எழுதின கையை வெட்டிக்கலாம் போல இருக்கு. மணி என்ன?

— பதினொண்ணு பத்து.

— தகடு வெட்டியாச்சு. சங்க இதழ்ல பேரு அச்சடிச்சாச்சு. ஊரே வரப்போகுது. லொரெட்டா, உன் மேல தப்பில்லை. விவரம் தெரியாதவங்க பளபளன்னு இருந்தாத்தான் மரியாதைன்னு நினைப்பாங்க. எங்க ஆளுங்க வீட்டுலயே எத்தனை பேரு இப்படிப் பண்ணியிருக்காங்க.

— விவரம் தெரியாம பண்ணலை வெர்னன்.

— என்ன?

— அந்தப் பம்பர்காரர் ரெண்டு தடவை சொன்னார். இதைத் தொட்டா சேகரிக்கிறவங்க யாரும் மதிக்க மாட்டாங்கம்மா, யோசிச்சுக்கோங்கன்னார். யோசிச்சாச்சு, செய்யுங்கன்னேன். ஒரு கோடுகூட மிச்சம் வைக்காதீங்கன்னேன்.

— ஏன்? எதுக்காக?

— நீ அட்டையில என்ன எழுதப் போறேன்னு போன மாசம் தபால்ல அனுப்பினியே. அதைப் படிச்சேன்.

— அது அவனைப் பத்தி நல்லபடியா எழுதினது!

— ஆமாம். நல்லபடியா எழுதியிருந்தே.

— லொரெட்டா, தப்பா நினைக்காதீங்க. நான் ஒண்ணு கேட்கலாமா? நம்ம இதழுக்காக நான் அதைப் படம் எடுத்திருக்கேன். தேய்மானம் இடது பக்கம் மட்டும்தான் இருந்துச்சு. வலது பக்கம் நீலம் அப்படியே இருந்துச்சு. உறை தேய்ச்சா ரெண்டு பக்கமும் தேயணும்.

— இப்ப இதுதான் முக்கியமா எமில்?

— அவர் சரியாத்தான் பார்த்திருக்கார். அது உறை தேய்ச்சது இல்லை. என் சமையலறை மேசை தேய்ச்சது.

— என்ன சொல்றே நீ?

— சர்வீஸ்ல இருந்தப்ப அது புதுசு மாதிரிதான் இருந்துச்சு. இருபத்தஞ்சு வருஷத்துல குறி பார்க்கிற தேர்வைத் தவிர ஒரு தடவைகூட அவர் அதை உறையை விட்டு எடுத்ததில்லை. அதை அவரே பெருமையா சொல்வார். எண்பத்தொன்பதுல ஓய்வு குடுத்து, இதையும் கையில குடுத்து அனுப்பினாங்க. அன்னையில இருந்து சாப்பாட்டு மேசையில, பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். எடுப்பார். சுத்தியை இழுப்பார். விசையை அமுக்குவார். டிக். மேசையில சாய்ச்சு வைப்பார். மறுபடி எடுப்பார்.

— அது கைப்பழக்கம் லொரெட்டா. வெத்துச் சிலிண்டரை வச்சுப் பழகுறது. நான்கூட டிவி பார்த்துக்கிட்டே பண்ணுவேன். என் பெண்டாட்டி திட்டுவா.

— எவ்வளவு நேரம் பண்ணுவே?

— பத்து நிமிஷம்.

— அவர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உட்கார்ந்தார்னா படுக்கப் போற வரைக்கும். எட்டு வருஷம். யாரு வரப்போறாங்க டுவெய்ன்னு கேட்பேன். தெரியலைன்னு சொல்வார்.

— நான் செவ்வாய்க்கிழமை தவறாம வந்தேனே. ஒரு நாளும் அப்படி...

— நீ முன்வாசல் வழியா வருவே. மணியடிச்சுட்டு வருவே. மணி அடிச்சதும் அதை எடுத்து அலமாரியில வச்சுட்டு, சிரிச்ச முகமா வந்து உனக்குக் கதவைத் திறப்பார். நீ போனதும் மறுபடி எடுப்பார்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே!

— சொல்லியிருந்தா நீ எனக்கு விளக்கிச் சொல்லியிருப்பே. இப்பச் சொன்னியே, அந்த மாதிரி.

— லொரெட்டா, தண்ணி குடிங்க. உட்காருங்க.

— நின்னுக்கிறேன் எமில். என் பொண்ணு டார்சி, அவ அப்பாவோட அடக்கத்துக்கு ஏன் வரலைன்னு வெர்னனுக்குத் தெரியுமா? கல்லறை பக்கத்துல நின்னு, நன்றி கெட்டவள்னு அவளைத் திட்டினார். நான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

— நான் திட்டினது... பெத்த பொண்ணு வராம இருந்தா யாருக்கும் கோபம் வரும்.

— தொண்ணூத்திரெண்டு நவம்பர், தேங்க்ஸ்கிவிங் விருந்து நாள். வான்கோழி அடுப்புல இருந்துச்சு. டார்சி அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டா. ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில பூசணிப் பை பலகாரத் தட்டு. தட்ட முடியாம பின்வாசல் கதவை முழங்காலால தள்ளிக்கிட்டு உள்ள வந்தா.

— டுவெய்ன் மேசையில இருந்தானா?

— மேசையிலதான் இருந்தார். எடுத்தார். கதவைப் பார்த்து நீட்டினார். அமுக்கினார்.

— ... வெத்துச் சிலிண்டர்தானே. பாவம், பயந்திருப்பா. ஆனா வெத்துதானே லொரெட்டா?

— அந்த வருஷம் செப்டம்பர்லயே அவர் விசையை அமுக்கறதை நிறுத்திட்டார். சுத்தியை இழுப்பார், கட்டைவிரலால பிடிச்சு மெதுவா இறக்குவார். டிக் சத்தம் நின்னு போச்சு. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது, ஆறு தோட்டாவும் உள்ள இருக்குன்னு.

— முழு மேக்னமா?

— எமில்!

— மன்னிச்சிடுங்க. வாய் தவறிடுச்சு.

— முழு மேக்னம்தான் எமில். வீட்டுல வேற எதுவும் வாங்க மாட்டார். விருந்துக்கு ஆள் வராங்களேன்னு, அன்னைக்குக் காலையில அவர் குளிக்கப் போனப்ப ஆறையும் எடுத்து மாவு டப்பாவுக்குள்ள போட்டேன். அவர் திரும்பி வந்து சிலிண்டரைத் திறந்து பார்க்கலை.

— டுவெய்ன் பார்க்கலையா? கையில எடுத்ததும் திறந்து பார்க்காதவனை நாங்க இந்தக் கூடத்துக்குள்ளயே விட மாட்டோமே. அதை எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவனே அவன்தானே.

— பார்க்கலை வெர்னன். உள்ள ஆறு இருக்குன்னு நினைச்சுத்தான் அமுக்கினார். டார்சி அவர் முகத்தைப் பார்த்துட்டா. பலகாரத்தைக் கீழ போட்டுட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு காருக்குப் போயிட்டா.

— அதுக்கப்புறமாவது விட்டானா?

— தோட்டாவை விட்டார். துப்பாக்கியை விடலை. நீங்க பார்த்துப் பார்த்து வியந்தீங்களே, அந்தக் கோடு, அதுக்கப்புறம்தான் நல்லா ஆழமா விழுந்துச்சு. நமக்காக விழித்திருந்த இரவுன்னு எழுதினியே வெர்னன். எந்த நமக்கு?

— ... எமில், அந்த அட்டையை இங்க குடு.

— கிழிச்சுட்டியே.

— கிழிக்காம என்ன பண்ணச் சொல்றே? இதைப் பெட்டிக்குள்ள வைக்கவும் முடியலை, வைக்காம இருக்கவும் முடியலை. பதினாறு வயசுல இருந்து அவனைத் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு துப்பாக்கியைப் பார்த்தா அதோட மொத்தக் கதையையும் படிச்சுடுவேன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். லொரெட்டா, நான் என்ன பண்ணட்டும்? போன நீலம் திரும்பி வராது. இவ்வளவு போச்சு, அவ்வளவு போச்சுன்னு உன்கிட்ட நின்னு கத்தினேனே நான்.

— கத்தினே. போனதைத்தான் எண்ணணும்னா நானும் எண்ணுறேன், கேட்டுக்கோ. பின்வாசல் ஒண்ணு, ஆணியடிச்சு அடைச்சாச்சு. சுவர்க் கடிகாரம் ஒண்ணு. அந்தச் சத்தம் அவருக்கு ஆகலைன்னு கழட்டியாச்சு. எட்டு வருஷத்துச் சாயங்காலம். பொண்ணு ஒருத்தி. பேரன் ஒருத்தன், பேரு ஓவன், இந்த மாசம் ஆறு வயசு முடியுது, அவன் நடந்து நான் பார்த்ததில்லை.