நிற்கும்போது குடிக்கிற கார்

பிள்ளைகளே, பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது. ஆனால் அடையாறிலிருந்து தி.நகர் போகிற பஸ் நெரிசலில் காதை மட்டும் நான் எங்கே கழற்றி வைப்பேன்? முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நம்ம வண்டி ஓடும்போது குடிக்கல. நிக்கும்போதுதான் குடிக்குது,” என்றார் கணவர்.

“போதுங்க. ஜீப் மாதிரி அவ்ளோ பெரிய பழைய வண்டி, மைலேஜே இல்ல. ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாரு, வித்துடுங்க.”

“புள்ள மாதிரி வச்சிருக்கேன், விக்கச் சொல்றியே! மெக்கானிக் ஃபில்டர் மாத்தினான், டயர்ல காத்து பார்த்தான், எல்லாம் கரெக்டா கீதுன்றான். நேத்து நான் வண்டிய எடுக்கவே இல்ல. சாயந்திரம் பார்த்தா டீசல் முள்ளு எறங்கிக் கீது. மத்தியானம் சாவி யாராண்ட இருந்துச்சு?”

“எங்கப்பாகிட்ட.”

“மாமாவுக்கு ஓட்டவே தெரியாதே!”

“ஓட்டலைங்க. மரத்தடியில நிக்குதில்ல, உள்ள ஏசிய போட்டுக்கினு பேப்பர் படிப்பாரு. அப்படியே தூங்கிடுவாரு.”

“ஏன், வீட்ல ஏசி இல்லியா இன்னா?”

“வீட்ல போட்டா மாப்பிள்ளைக்குக் கரண்ட் பில் ஏறுமாம்.”

பஸ் நந்தனம் சிக்னலில் நின்றது.

“ஞாயித்துக்கிழமை வர்றவர்கிட்ட வண்டி விக்கலன்னு சொல்லிடுங்க,” என்றார் அந்த அம்மா.

கணவர் முகம் மலர்ந்துவிட்டது. “வண்டில கோளாறு இல்லன்னு இப்பவாவது ஒத்துக்கிறியா?”

“அதுக்கில்லைங்க. வண்டி போயிட்டா, அப்பா மத்தியானம் எங்க தூங்குவாரு?”