தொட்டித் தண்ணீர்

உங்கள் ஸ்டேஷன் பானைத் தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஐயா. வெட்டிவேர் போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. எங்கள் ஊரில் இந்தக் கோடைக்கு வெறும் தண்ணீரே மணக்கும்.

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லக் கூடாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சுதந்திரம் வந்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். இப்போது மழை பொய்த்து மூன்றாம் வருஷம். வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு முழுக்க வெடித்துக் கிடக்கிறது. மற்ற ஆண்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். நிலக்காரர் மகன் கந்தகம் அள்ளலாமா? அதனால் இவர் ஓடினார். வெயில் தாழ்ந்ததும் சிவகாசி வரை ஓடிப்போய்த் திரும்புவார். நானும் அதே ரோட்டில்தான் கம்பெனிக்குப் போய்ச் சரம் பின்னிவிட்டு நடந்து வந்தேன். நடந்தால் அதற்குப் பெயர் கிடையாது. ஓடினால் பயிற்சியாம்.

விருதுநகர்ப் பொருட்காட்சிப் பந்தயத்தில் ஏழாவதாக வந்தார். எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு டம்ளர். ஊரே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது.

அங்கேதான் பட்டாளத்திலிருந்து வந்த யாரோ சொல்லிக்கொடுத்தாராம். நெடுந்தூரம் ஓடினவன் குளிர்ந்த தண்ணீரில் ஊறினால் சதை வீங்காது, மறுநாள் புதுக்காலோடு எழுந்திருக்கலாம் என்று. பட்டாளத்துக்காரர் ஏதாவது ஆற்றைப் பார்த்துச் சொல்லியிருப்பார். இவர் என்னைப் பார்த்தார்.

ஊர்க் கிணற்றில் முறை வைத்திருந்தோம். வீட்டுக்கு எட்டுக் குடம். அதில் ஆறு, இவர் ஊறுவதற்கு மாட்டுத் தொட்டிக்குப் போகும். அது ஆள் படுக்கிற நீளத்துக்குக் கட்டிய சிமென்டுத் தொட்டி. நேற்றைய தண்ணீர் சூடேறிவிடும், ஆகாது. மாட்டுக்காவது அதை வைக்கலாமென்றால், இவர் காலில் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு இறங்குவார். அந்த வாடைக்குப் பசு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என்னைவிட ரோஷமுள்ள பிராணி. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு ஒரு சொம்பு கேட்டு வந்தாள். இல்லை என்று நான்தான் சொன்னேன்.

பசு என் அம்மா வீட்டுச் சீர். போன வெள்ளிக்கிழமை காலையில் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்கும் இவர் ஓடிவிட்டு வந்து தொட்டியில் உட்கார்ந்தார்.

"விடு செல்லத்தாயி. மாடு போயிருச்சு, இனி அது குடிக்கிற தண்ணியும் நமக்குத்தானே. நாளைக்கு ஒரு குடம் சேத்து ஊத்து" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓடின கால், பச்சைத் தண்ணீரில் நரம்பு இழுத்து முங்கிவிட்டார் என்று அவர்களே பேசி முடித்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நீர்மாலை எடுத்தார்கள். மேளத்தோடு, வேட்டிப் பந்தல் பிடித்து, குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்கு ஒரு சொம்பு கொடுக்க வக்கில்லாத ஊர், பிணத்தைக் குளிப்பாட்ட வரிசையில் நின்றது. முதல் குடம் தரையில் ஓடியது. இரண்டாவதையும் கவிழ்த்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. இவருடைய அண்ணன் ஒச்சப்பன் கையைப் பிடித்துவிட்டேன்.

"போதும் அத்தான். இன்னும் எம்புட்டு ஊத்துவீக? நாந்தான் நேத்தே முக்கி எடுத்துட்டேனே."

மேளம் நின்றது. துக்கத்தில் உளறுகிறாள் என்று முத்துப்பேச்சி சொல்லிப் பார்த்தாள். நல்ல பெண். ஆனால் ஒச்சப்பன் உங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள், ஐயா. எனக்குக் கோபமே வராது. பத்து வருஷமாகச் சொன்னதைச் செய்கிறவள் நான். அன்றைக்கும் அவர், "கெண்டை இழுக்கு, காலை ஒசரத் தூக்கிப் பிடி" என்றார். இரண்டு காலையும் பிடித்துத் தூக்கினேன். தலை உள்ளே போனது. கையை அடித்ததில் பாதித் தண்ணீர் வெளியே சிந்திவிட்டது. எனக்கு வருத்தம் அதில்தான். நீங்கள் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கச் சொன்னது அவர். இறக்கு என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை, ஐயா.