தேத்தண்ணிக் கடை அம்மாவின் குரல்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், சேர். நீங்கள் இதைப் பதிவு செய்கிறீர்கள் என்றால் அந்தச் சத்தம்தான் முன்னால் கேட்கும், நான் பின்னால் போய்விடுவேன். இன்னொன்று, நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். போன தடவை உங்கள் ஆள் எழுதியதை வாசித்துக் காட்டினார். அதில் நானும் முனாஸும் புஷ்பம் அக்காவும் ஒரே ஆள் மாதிரிப் பேசியிருந்தோம். கேட்கவே எரிச்சலாக இருந்தது.

ஒவ்வொருவரையும் அவரவர் மாதிரிப் பேசவைப்பதுதான் என் தொழிலே. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு பேக்கரியின் மேல்மாடியில், நானும் என் கூட்டாளி அஸ்ஃபரும் இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்கிறோம். படமும் கணினி வேலையும் அவன். கதை, வசனம், குரல்கள் எல்லாம் நான். மண்சரிவு நடந்த மலையூருக்கு ஓர் இளைஞன் வருகிறான், காணாமல் போனவர்களைத் தேடுகிறான், வீட்டாரிடம் போய்ச் செய்தி சொல்கிறான். விளையாடுபவர்தான் அந்த இளைஞன். ஆனால் ஊர் நிஜம் என்று அவரை நம்பவைக்க வேண்டியவர்கள் மற்றவர்கள். பஸ் கண்டக்டர், மருந்துக் கடைக்காரர், மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தேத்தண்ணிக் கடை அம்மா.

முதல் பகுதியை வெளியிட்டோம். விளையாடிய ஒருவர் எழுதினார்: "மலை அருமை, மழை அருமை, மனுஷங்க வாயத் திறந்தா செய்தி வாசிக்கிறாங்க." அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் எழுதியது உண்மை. அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தவர் நிரோஷினி என்ற வானொலி அறிவிப்பாளர். மகன் செத்த செய்தி வந்ததும் "என் செல்வமே, எங்கே போனாய்" என்று இழுத்தார். எந்தத் தாய் அப்படி அழுகிறாள்? பதினொரு தடவை எடுத்தேன். பதினொரு தடவையும் அழகாக அழுதார். அந்த அழகு என் உயிரை வாங்கியது.

புஷ்பம் அக்கா கீழே பேக்கரியில் வேலை செய்தவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஒருநாள் படியில் நின்று, "தம்பி, பாண் முடிஞ்சிருச்சு, பணிஸ் தரட்டா?" என்று கேட்டார். நான் மூன்று மாதமாக எழுத முடியாமல் கிடந்த குரல் அது. அன்றைக்கே பேசி, தேத்தண்ணிக் கடை அம்மாவுக்குக் குரல் கொடுக்க மேலே வரச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆனால் தாளைப் பார்த்து வாசிக்கும்போது அந்தக் குரல் ஓடிப்போய்விடும், பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

எங்கள் வேலை முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குரல் பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் போகிறவர் தன் போனை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போக வேண்டும். டின் என் மேசையில் இருக்கும். உள்ளே அவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் நிற்பார், வெளியே இருந்து நான் கதாநாயகனாகப் பேசுவேன். "ஹெட்போனில் வருவது எல்லாம் கதை. அதற்குள்ளேயே இருங்கள்" என்று இரண்டு வாரம் பழக்கினேன். சோகம் வரவில்லை என்றால் சொந்த மகனை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு தடவை கதைப் பையனின் பேருக்குப் பதிலாக அவருடைய மகன் துஷாந்தின் பேரையே சொல்லிப் பார்த்தேன். "அவன் பேர சொல்லாதீங்க தம்பி, நல்லதில்ல" என்றார். அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை, புஷ்பம் அக்கா அறைக்குள் இருக்கும்போது, பத்து இருபதுக்கு டின் அதிர்ந்தது. போன் டின்னுக்குள் இருந்தது, எனக்குக் கேட்கவில்லை என்று போன தடவை உங்களிடம் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. எடுத்துப் பேசினேன்.

துஷாந்தோடு தெல்தெனியவில் கட்டட வேலை செய்யும் முனாஸ் பேசினான். "துஷாந்த் மூணாம் மாடியில இருந்து விழுந்துட்டான். கண்டி ஆஸ்பத்திரியில ஈக்கிறோம். அம்மா எங்க, அம்மா எங்கன்டு கேட்டுட்டே ஈக்கான். டொக்டர் உடனே வரச் சொல்றாரு."

அம்மாவிடம் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். கேமில் வரும் முஸ்லிம் மருந்துக் கடைக்காரருக்கு நான் 'இருக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். முனாஸ் பேசியதைக் கேட்டதும் அதை 'ஈக்கிறேன்' என்று திருத்தினேன். பிறகு டின்னை மூடினேன்.

புஷ்பம் அக்கா மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே டொக்டர் இருக்கிறார், தாய் போய் என்ன செய்வார் என்று யோசித்தேன். எங்கள் இடத்திலிருந்து ஆட்டோவில் அரை மணித்தியாலம். எனக்கு வேண்டியது முக்கால் மணித்தியாலம். அந்தச் செய்தியை அவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார். மைக்குக்கு முன்னால் நின்று கேட்டால் என்ன?

தேத்தண்ணிக் கடை அம்மாவுக்குக் கதையின் முதல் பாதியில் பதினான்கு கலகலப்பான வரிகள் பாக்கி இருந்தன. செய்தி கேட்ட பிறகு அவற்றைச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே அவற்றை முதலில் எடுத்தேன். அன்றைக்கு நன்றாகவே சொன்னார். சீனி போதுமா என்று கேட்கும் வரியில் தானாகவே சிரித்தார், அந்தச் சிரிப்பையும் வைத்துக்கொண்டேன். அதற்குள் டின் மூன்று தரம் அதிர்ந்தது. பதினொரு மணிக்கு முடித்தோம்.

பிறகு சொன்னேன். "அக்கா, உங்க மகன் துஷாந்த் விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில இருக்கான்."

அவர் தாளைப் பார்த்தார். விரலை வைத்து வரியைத் தேடி, "ஐயா, எம் மகன எங்க கண்டீங்க" என்று வாசித்தார். பாடம் ஒப்பித்தார், சேர்.

மறுபடி சொன்னேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து முகம் சுளித்தார். "திரும்பவும் அவன் பேர சொல்றீங்களே தம்பி. வேணாம். பழைய பேரே இருக்கட்டும்."

"நெசமாத்தான் அக்கா" என்றேன்.

"இன்னைக்கி நீங்க நல்லா நடிக்கிறீங்க" என்றார், கொஞ்சம் கேலியாக.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஹெட்போனில் வருவது எல்லாம் கதை என்று பழக்கியவன் நான், அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கதவைத் திறந்து நேரே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் கதவு திறந்தால் அவர் மைக்கை விட்டு ஓடிவிடுவார், பிறகு இத்தனையும் எதற்கு? அரை மணித்தியாலம் திரும்பத் திரும்ப, வேறு வேறு மாதிரி, வெளியே இருந்தே சொன்னேன். அவரும் சலிக்காமல் ஏழு தடவை தன் வரியை வாசித்தார். ஏழும் குப்பை. எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

பதினொன்றரைக்கு டின்னில் இருந்த அக்காவின் போனிலேயே முனாஸை அழைத்து, அதை என் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவனுடைய குரல் நேராக அவருடைய காதுக்குப் போனது. "அம்மா, எங்கம்மா ஈக்கிறீங்க, எத்தன தரம் போன் எடுத்த நான். துஷாந்த் இப்பதான் மௌத்தாகிட்டான். கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டான்."

கதையில் மகன் செத்த செய்தி வரும் அந்த இடத்துக்கு நான் மூன்று வரியும் ஓர் அலறலும் எழுதிவைத்திருந்தேன். புஷ்பம் அக்கா தாளைப் பார்க்கவில்லை. பாண் முடிந்துவிட்டது என்று சொல்வாரே, அதே குரலில், "காலையில சாப்பிடாம போனான்" என்றார். அது மட்டும்தான். பிறகு நான் பழக்கியபடியே ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனார். பழக்கதோஷத்தில் நான் பொத்தானை அழுத்தி, "அக்கா, இன்னொருக்கா" என்றேன். ஹெட்போன் ஆணியில் தொங்கியது, அவருக்குக் கேட்டிருக்காது.

அன்று பின்னேரம் அஸ்ஃபருக்கு அந்த வரியைப் போட்டுக் காட்டினேன். அவன் அழுதான். எப்படி எடுத்தாய் என்று கேட்டான், இப்போது உங்களுக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். பதிவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பொலிஸுக்கு, உங்களிடம் வந்துவிட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. நேரம் எல்லாம் அந்தப் பதிவிலேயே இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. தாயைக் கேட்டுக்கொண்டே ஒருவன் சாகிறான் என்று தெரிந்தே, எழுபது நிமிஷம், தாயை நான் அறைக்குள் வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெட்டியைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி ஈரச் சுவர்ப் பக்கம் வைத்திருக்கிறீர்கள், வரும்போது பார்த்தேன். அதில் உள்ளது கெட்டுப்போகக் கூடாது. நிரோஷினியிடம் பதினொரு தடவை எடுத்தேன், இதை அப்படி எடுக்க முடியாது, சேர். புஷ்பம் அக்காவுக்கு ஒரே மகன்.